கதிர்வீச்சு முடிந்த தொண்டையை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்?

கேள்வியின் சாரம் இதுதான். கேட்டவருடைய தந்தைக்கு வயது 62. நெடுங்காலம் பீடி புகைத்தவர். குரல்வளையில் வந்த புற்றுநோய்க்கு ஏழு வாரங்களில் 35 முறை கதிர்வீச்சும் இடையிடையே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் கொடுத்து முடித்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. மூன்றாம் மாத முடிவில் எடுத்த பெட் ஸ்கேனில் நோய் தெரியவில்லை. அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லும் மருத்துவர், மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கிறார், கழுத்தைத் தடவிப் பார்க்கிறார், எடையைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார். “ஸ்கேன் எதுவும் எழுதித் தருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்களே பணம் கட்டிப் பெட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா? இந்த அலைச்சல் எத்தனை ஆண்டுகளுக்கு?” என்று மகள் கேட்கிறார்.

காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மருத்துவர் செய்வது குறைவான சோதனை அன்று. இந்த நோயைப் பொறுத்தவரை அதுதான் முதன்மையான சோதனை. குரல்வளையில் நோய் திரும்பினால் அது பெரும்பாலும் பழைய இடத்திலோ அதை ஒட்டியோ தொடங்கும். குரல்நாணின் மேல் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு புண்ணையோ வெண்படலத்தையோ பெட் ஸ்கேன் தவறவிடக்கூடும், கண் தவறவிடுவது அரிது. 1854-இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் ஒரு சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். அந்தக் கண்ணாடியின் வழிவந்ததுதான் இன்று உங்கள் தந்தையின் மூக்கு வழியே செல்லும் மெல்லிய குழாய்க் கேமரா. நாண்கள் இரண்டும் சமமாக அசைகின்றனவா, பேசச் சொன்னால் சேர்கின்றனவா, எச்சில் ஓரிடத்தில் தேங்கி நிற்கிறதா என்பவையெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுகின்றன. போன முறை அசைந்த நாண் இந்த முறை அசையாமல் நின்றால், வேறெந்த அறிக்கையும் வருவதற்கு முன்பே மருத்துவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும். ஆகவே, முடிந்தவரை ஒவ்வொரு முறையும் ஒரே மருத்துவர் பார்ப்பது நல்லது. சென்ற முறை எப்படியிருந்தது என்ற நினைவோடு பார்க்கும் கண்ணுக்குச் சிறிய மாற்றமும் பெரிதாகத் தெரியும்.

அடுத்து, ஏன் இவ்வளவு நெருக்கமாக வரச் சொல்கிறார்கள் என்பது. தலை, கழுத்துப் புற்றுநோய்கள் திரும்புவதாக இருந்தால் மிகப் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். கால அட்டவணையும் அந்தக் கணக்கை ஒட்டியே அமைந்திருக்கிறது. பல நாடுகளிலும் பின்பற்றப்படும் அமெரிக்க வழிகாட்டுதலின்படி முதலாண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை நான்கு முதல் எட்டு மாதத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் என்று உங்கள் மருத்துவர் வைத்திருப்பது இந்த வரம்புக்குள்தான் வருகிறது.

திரும்பினால் கண்டுபிடித்துத்தான் என்ன பயன் என்று சில குடும்பங்கள் மனத்துக்குள் நினைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்துவிடுகின்றன. நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்ட நோயில் அந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு இடமுண்டு. சில வாரங்கள் முன்னதாகக் கண்டுபிடிப்பதால் அங்கே முடிவு பெரும்பாலும் மாறிவிடுவதில்லை. ஆனால் குரல்வளைக்குள்ளேயே திரும்பிய நோய் வேறு வகை. 1991-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலிருந்து வெளிவந்த ஆய்வு இதை விளக்கும். முற்றிய குரல்வளைப் புற்றுநோய் உள்ள 332 பேரை இரு அணிகளாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு நேரடியாகக் குரல்வளையை அகற்றிவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மற்ற அணிக்கு முதலில் கீமோ, பிறகு கதிர்வீச்சு. இரண்டாம் அணியில் 64 விழுக்காட்டினருக்குக் குரல்வளை தப்பியது. இரண்டு ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்களின் விழுக்காடு இரு அணிகளிலும் 68 என்று ஒன்றாகவே இருந்தது. மருந்தால் பலன் கிடைக்காதவர்களுக்கும் பிறகு நோய் திரும்பியவர்களுக்கும் குரல்வளையை அகற்ற ஓர் அறுவை சிகிச்சை கைவசம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். குரல்வளையைக் காப்பாற்றும் சிகிச்சை என்று இன்று நாம் பெருமையாகச் சொல்வது, தோற்றால் உடனே தெரிந்துகொள்வோம் என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது. உங்கள் தந்தைக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது என்பதைவிட, அதன் மறுபாதி இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்பதே பொருத்தம்.

அந்த அறுவை சிகிச்சையைச் செய்யக் கட்டி சிறிதாக இருக்க வேண்டும். கழுத்தின் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்ட பிறகோ, முதுகெலும்பின் முன்புறத் தசையைப் பற்றிக்கொண்ட பிறகோ வருபவருக்கு எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. கதிர்வீச்சு பட்ட திசு ஆறுவதும் தாமதம். தையல் விட்டு எச்சில் கசிவது போன்ற தொல்லைகள் இந்த அறுவையில் கூடுதலாகவே வரும். இருந்தும் செய்கிறோம், ஏனென்றால் நோயை முழுதாக நீக்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

இனிப் பெட் ஸ்கேன். அதற்கு உரிய இடம் உண்டு. அந்த இடத்தில் அது மிக நல்ல கருவி. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து 12 வாரங்களாவது கழித்து எடுக்கும் ஸ்கேன், கழுத்து நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் மிஞ்சியிருக்கிறதா என்ற கேள்விக்கு நம்பகமான விடை தரும். முன்பெல்லாம் கழுத்தில் பெரிய நெறிகளோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை முடிந்ததும் கழுத்தை அறுத்து நெறிகளை எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. 2016-இல் பிரிட்டனில் 564 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. எல்லோருக்கும் அறுவை செய்வதும், 12-ஆம் வாரத்தில் பெட் ஸ்கேன் எடுத்துத் தேவைப்பட்டவருக்கு மட்டும் செய்வதும் உயிர்வாழ்வில் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல என்று அது காட்டியது. ஸ்கேன் அணியில் 54 அறுவைகளே நடந்தன. மற்ற அணியில் 221. உங்கள் தந்தைக்கு மூன்றாம் மாதம் ஸ்கேன் எடுத்ததன் பின்னணி இது. எட்டாம் வாரத்திலேயே அவசரப்பட்டு எடுத்திருந்தால், கதிர்வீச்சால் வெந்த திசுவும் நோயைப் போலவே ஒளிர்ந்து எல்லோரையும் கலங்கவைத்திருக்கும்.

அந்த ஸ்கேன் சுத்தமாக வந்தபின், எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு ஆறு மாதத்துக்கொருமுறை பெட் எடுப்பதால் ஆயுள் கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. செலவை ஒதுக்கிவைத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெட் ஸ்கேன் புற்றுநோயைக் காட்டுவதில்லை. சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடத்தைக் காட்டுகிறது. சொத்தைப் பல்லின் வேரில் சீழ் இருந்தால் ஒளிரும். மருந்து ஏற்றியபின் அமைதியாக இராமல் பேசிக்கொண்டிருந்தால் குரல்நாண் தசை ஒளிரும். ஒரு நாண் செயலிழந்திருந்தால், அதற்கும் சேர்த்து உழைக்கும் நல்ல நாண் ஒளிரும். நம் நாட்டில் இவற்றுக்கெல்லாம் மேலே காசநோய் இருக்கிறது. கழுத்திலும் மார்பிலும் பழைய காசநோய் நெறிகள் ஒளிர்ந்து, ஊசி குத்தி, சதை எடுத்து, ஒரு மாதம் குடும்பமே உறங்காமல் கிடந்து, கடைசியில் அது காசநோய் என்று முடிந்த கதைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சுத்தமான அறிக்கையும் ஒருவகையில் ஆபத்துதான். “பெட் நல்லா வந்திருக்கு, அடுத்த மாசம் போகலாம்” என்று கேமரா சோதனையைத் தள்ளிப்போடுவதற்கு அது காரணமாகிவிடும். ஒரு ஸ்கேன் விட்டுப்போவதைவிட ஒரு சந்திப்பு விட்டுப்போவதற்கே நான் அதிகம் அஞ்சுவேன்.

அறிகுறி ஏதாவது தோன்றினாலோ, கேமராவில் சந்தேகம் எழுந்தாலோ நிலைமை வேறு. அப்போது சிடி, எம்ஆர்ஐ, பெட் எதுவானாலும் தயங்காமல் எடுக்க வேண்டும். மருத்துவரே எழுதித் தருவார். கீழ்த்தொண்டையின் ஆழமான பகுதி, நாக்கின் அடிப்பகுதி, மூக்கின் பின்பகுதி போன்று கண்ணுக்கு எளிதில் எட்டாத இடங்களில் நோய் இருந்தவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும் இடையில் ஸ்கேன் எடுப்பதுண்டு. கழுத்து மரம்போல இறுகி விரலுக்கு ஒன்றும் அகப்படாதவர்களுக்கும் அப்படியே.

கதிர்வீச்சுக்குப் பிறகு தொண்டையைப் படிப்பது எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். குரல்வளையின் உட்புறம் பல மாதங்கள் வீங்கியே இருக்கும். அந்த வீக்கம் நாளடைவில் வடிய வேண்டும்; வடிந்துவந்தது மீண்டும் ஏறினாலோ, ஆறு மாதத்துக்குப் பிறகும் அப்படியே நின்றாலோ ஐயம் கொள்கிறோம். அப்போதும் நோய் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மறுபடி தொட்ட பீடி, இரைப்பை அமிலம் மேலேறுவது, தைராய்டு குறைவது, குரல்வளைக் குருத்தெலும்பு கதிர்வீச்சால் நலிவது ஆகிய எல்லாமே அதே தோற்றத்தைத் தரும். சதை எடுத்துப் பார்த்துவிடலாமே என்றால், கதிர்வீச்சு பட்ட குருத்தெலும்பை ஆழமாகக் கிள்ளினால் ஆறாத புண்ணாகிவிடும் அபாயம் இருக்கிறது. மேலோட்டமாகக் கிள்ளினால், உட்படலத்துக்கு அடியில் தீவு தீவாக ஒளிந்திருக்கும் நோய் கையில் சிக்காமல் “புற்றுநோய் இல்லை” என்று பொய்யான ஆறுதல் வந்துசேரும். சந்தேகம் வந்ததும் உடனே சதை எடுக்காமல் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும், ஒருமுறை இல்லை என்று வந்தபின்னும் மருத்துவர் மறுபடி மயக்க மருந்து கொடுத்து எடுக்கவேண்டும் என்பதும் குழப்பத்தால் அல்ல.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது குரல். கதிர்வீச்சு முடிந்தபின் தேறிவந்த குரல் மீண்டும் கரகரத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் குறித்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உணவு இறங்குவது நாளுக்கு நாள் கடினமாவது, இட்லி இறங்கியவருக்குக் கஞ்சிதான் இறங்குகிறது என்ற நிலை, உமிழும்போது இரத்தம், கழுத்தில் புதிதாக வலியில்லாத நெறி, காரணமில்லாமல் எடை இறங்குவது ஆகியவையும் அப்படியே. மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய செய்தி. காதுவலியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒரு பக்கக் காதில் மட்டும் விடாமல் வலி, காதைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றால் தொண்டையைத்தான் பார்க்க வேண்டும். தொண்டைக்கும் காதுக்குழிக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் தொண்டையின் வலி காதில் கேட்கிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவதும் அதே நரம்பின் வேலைதான்.

அச்சமூட்டும், ஆனால் பெரும்பாலும் தீங்கில்லாத சிலவும் உண்டு. தாடைக்குக் கீழே பைபோலத் தொங்கும் மென்மையான வீக்கம், காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருந்தால், அது நிணநீர் வடியாமல் தேங்குவது. கழுத்துப் பயிற்சியாலும் தேய்த்துவிடுவதாலும் குறையும். கதிர்வீச்சு முடிந்த சில மாதங்களில் தலையைக் குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்வதுபோல ஓர் உணர்வு சிலருக்கு வரும். ஊரில் கதிர்வீச்சைக் “கரண்ட் வைப்பது” என்று சொல்வதால் அந்தக் கரண்ட் உடம்பில் தங்கிவிட்டது என்று நினைத்துப் பயந்தவர்கள் உண்டு. முதுகுத்தண்டு நரம்பின் உறை தற்காலிகமாக நலிவதால் வருவது அது. பெரும்பாலும் தானே மறையும். மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்.

உங்கள் தந்தையின் பீடிப் பழக்கத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் கடக்க மாட்டேன். வாயிலிருந்து நுரையீரல் வரை புகை பட்ட பாதை முழுவதும் ஒரே வயலைப்போலப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை 1953-இலேயே ஸ்லாட்டரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். அந்த வயலில் ஓர் இடத்தில் முளைத்ததைப் பிடுங்கியிருக்கிறோம்; வேறிடத்தில் புதிதாக இன்னொன்று முளைக்கலாம். அது பழைய நோய் திரும்புவது அன்று. இரண்டாவது, தனியான புற்றுநோய். குரல்வளைக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அது பெரும்பாலும் நுரையீரலில் வரும். வாயிலும் உணவுக்குழாயிலும் வரலாம். முதல் நோயிலிருந்து பிழைத்த பலரை ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கொண்டுபோவது இந்த இரண்டாவது நோய்தான். ஆகவே நெடுங்காலம் புகைத்தவருக்கு ஆண்டுக்கொருமுறை குறைந்த கதிரளவு மார்பு சிடி எடுப்பது பற்றி மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். பெட் ஸ்கேனுக்கு ஒதுக்க நினைத்த பணத்தை இதற்குச் செலவிடுவது நல்ல யோசனை. புகையை முற்றாக விட்டாரா என்பதையும் விசாரியுங்கள். கனடாவில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வொன்றில், கதிர்வீச்சு நடக்கும்போதும் புகைத்தவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், புகைக்காதவர்கள் அல்லது முன்பே விட்டவர்களில் 74 விழுக்காட்டினருக்கும் கட்டி முழுதாகக் கரைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் வகையில் 39 விழுக்காடு, இரண்டாம் வகையில் 66. பீடியை விட்டு வெற்றிலையோடு புகையிலைக்கு மாறுவது விட்டதாகாது.

நோயைத் தேடுவதோடு, சிகிச்சை விட்டுச்சென்றவற்றைத் தேடுவதும் இந்தச் சந்திப்புகளின் வேலை. கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களில் பலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தைராய்டு சுரப்பது குறையும். சோர்வு, உடல் கனப்பது, மலச்சிக்கல், குரல் தடிப்பது என்று மெல்ல வரும். வயதாகிவிட்டது, புற்றுநோய் வந்த உடம்பு என்று வீட்டில் காரணம் சொல்லிக்கொள்வார்கள். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்ற எளிய இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். நாளுக்கொரு மாத்திரையில் சரியாகும். உங்கள் கடிதத்தில் இதைப்பற்றி ஒன்றுமில்லை. இதுவரை செய்யவில்லை என்றால் அடுத்த முறை நினைவுபடுத்துங்கள்.

பல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எச்சில் வற்றிய வாயில் பல் விரைவாகச் சொத்தையாகும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் நிலை வரலாம். அந்த அபாயம் ஆண்டுகள் கடந்தாலும் நீங்குவதில்லை. தெருமுனைப் பல் மருத்துவமனைக்குப் போனாலும், கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். விழுங்குவதைப் பொறுத்தவரை, சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறுகிறதா என்று பாருங்கள். சிலருக்குக் கதிர்வீச்சால் உணர்ச்சி மழுங்கி, இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போகும். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலும் சளியும்தான் அதன் அடையாளம். விழுங்கும் பயிற்சியாளரிடம் காட்டினால் பலருக்குத் தேறும்.

புற்றுநோய்க் குறியீடு என்ற பெயரில் ஆய்வகங்கள் விற்கும் இரத்தப் பரிசோதனைத் தொகுப்புகள் புகையிலையால் வந்த தொண்டைப் புற்றுநோய்க்குப் பயன்படா. எச்பிவி வைரஸால் வரும் வாய்த்தொண்டைப் புற்றுநோயில் மட்டும், அந்த வைரஸின் மரபணுத் துணுக்குகளை இரத்தத்தில் தேடும் சோதனை நம்பிக்கை தருகிறது. உங்கள் தந்தையின் குரல்வளை நோய்க்கு அது பொருந்தாது. ஏற்கெனவே குரல்வளையை அகற்றிக் கழுத்தில் துளையோடு வாழ்பவர்கள், அந்தத் துளையின் விளிம்பில் புதிதாகத் தடிப்போ இரத்தக் கசிவோ இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை ஆண்டுகள் என்று கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று ஆண்டுகள் எதற்காகவும் தவறவிடக் கூடாது. ஐந்தாண்டு முடிந்தால் பழைய நோய் திரும்பும் அச்சம் பெருமளவு நீங்கும். ஆனால் இரண்டாவது புற்றுநோய்க்காகவும் தைராய்டுக்காகவும் ஆண்டுக்கொருமுறை போவது ஆயுள் முழுவதும் தொடர வேண்டியது. சிகிச்சையின்போது ஒருநாளும் தவறாமல் வந்தவர்கள், நன்றாக இருக்கிறார் என்பதற்காகவே அறுவடை, கல்யாணம், பேருந்துச் செலவு என்று சந்திப்புகளை விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். தொலைவுதான் தடையென்றால், தொடர் பரிசோதனைக்குச் செல்வதற்கும் ரயில்வேயின் புற்றுநோயாளர் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் உரிய சான்றிதழ் வாங்கிக்கொண்டால் படுக்கை வசதிப் பெட்டியில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கும் பெரும்பகுதி தள்ளுபடி.

ஒரு சிறு ஏற்பாட்டை என் நோயாளிகளின் வீடுகளில் செய்யச் சொல்வதுண்டு. மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நாளிதழ்ப் பத்தியை அவர் வாசிக்கக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அன்றைய எடையையும் அதோடு எழுதிவையுங்கள். நாள்தோறும் கேட்கும் குரல் மெல்ல மாறுவது உடனிருப்பவர் காதுக்கு எட்டாது. மூன்று மாதப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் எனக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில் எட்டிவிடும். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது கதிர்வீச்சின் அளவும் தேதிகளும் உள்ள விடுவிப்புச் சுருக்கம், பெட் ஸ்கேனின் குறுந்தகடு, இந்தப் பதிவுகள் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.